கருவில் இருக்கும் பிள்ளைக்காகக் கொள்கைப் பணி: குமரி மாவட்ட இளையோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் குழித்துறை, பத்மநாபபுரம் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர். கருவில் இருக்கும் குழந்தைக்காகவும் அதைச் சுமக்கும் தாய்க்காகவும் சட்டத்திலும் அரசுத் திட்டங்களிலும் மாற்றம் கேட்டுப் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறேன். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரிப் பிள்ளைகளைச் சந்திக்கும்போது ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை.

"ப்ரோ-லைஃப்" கொள்கைப் பணி என்றால் என்ன? பதாகை பிடித்து ஊர்வலம் போவதா?

ஊர்வலத்துக்கு ஆண்டில் ஒரு நாள் போதும். மற்ற நாட்களில் செய்வது எழுத்து வேலையும் அலைச்சலும்தான். சட்ட வரைவைப் படித்து, அது யாரை எப்படிப் பாதிக்கும் என்று இரண்டு பக்கத்தில் எழுதுவது, நாடாளுமன்ற நிலைக்குழு கருத்துக் கேட்டால் மனு அனுப்புவது, சட்டமன்றத்தில் துறைவாரி நிதி ஒதுக்கீட்டுக்கான மானியக் கோரிக்கை வருவதற்கு முன் உறுப்பினரின் உதவியாளர் கையில் குறிப்பைச் சேர்ப்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போட்டுக் காத்திருப்பது எல்லாம் இதில் வரும். கருவில் இருப்பது மனித உயிர், அதைச் சட்டமும் வரவு செலவுத் திட்டமும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற நம்பிக்கையை அரசு அலுவலகத்துக்குப் புரிகிற மொழியில் சொல்வதுதான் இந்தத் தொழில்.

நீங்கள் எப்படி இதற்குள் வந்தீர்கள்?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் கடலோர ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை. சில வாரங்கள் கழித்து, நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண் தன் மாமியாரோடு என்னிடம் வந்தார். கணவர் கடலோடு போய்விட்டார். வாரிசுப் பட்டியலில் மனைவி பெயர் இருந்தது, பெற்றோர் பெயர் இருந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளையை எங்கே எழுதுவது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டதற்கு, "பொறக்காத பிள்ளைக்கு என்னம்மா வாரிசு?" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அன்று இரவு சட்டப் புத்தகங்களை எடுத்தேன். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 27-ஆம் பிரிவு. தந்தை இறந்த நாளில் பிறந்திருந்த பிள்ளைக்கும், அன்று கருவில் மட்டும் இருந்து பிறகு உயிரோடு பிறந்த பிள்ளைக்கும் வாரிசுரிமையில் வேறுபாடு கிடையாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 20-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்தோம். பிள்ளை பிறந்ததும் பட்டியல் திருத்தப்பட்டது. "சட்டத்துக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு வக்கீலம்மா, நம்ம ஆளுகளுக்குத்தான் தெரியல்ல" என்றார் அந்த மாமியார். அதற்குப் பிறகு என்னால் இந்த வேலையை விட முடியவில்லை.

இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இந்தப் பணிக்கு வர வேண்டாம். மேடையில் பிரிவு எண்ணைத் தப்பாகச் சொன்னால் அடுத்த முறை யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

அடிப்படை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312 முதல் 316 வரையிலான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 88 முதல் 92 வரை இருக்கின்றன. கருச்சிதைவு உண்டாக்குவது குற்றம் என்பது அங்கே பொது விதி. அதற்கு விலக்காக வந்தது 1971-ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம். சாந்திலால் ஷா தலைமையிலான குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்த இந்தச் சட்டம் 1972 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2021-இல் திருத்தினார்கள். இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட சில பிரிவுப் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பே கிடையாது. தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை என்றால் 5-ஆம் பிரிவுப்படி வாரக் கணக்கும் இரண்டாவது மருத்துவரும் தேவையில்லை.

2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், 24 வார வரம்பு மணமாகாத பெண்களுக்கும் பொருந்தும் என்றது. 2023 அக்டோபர் 16-இல் அதே நீதிமன்றம், 26 வாரம் தாண்டிய ஒரு மணமான பெண்ணின் கோரிக்கையை மறுத்தது. பிரசவச் செலவை அரசு ஏற்க வேண்டும், குழந்தையைத் தத்துக்குக் கொடுப்பதா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம் என்றும் சொன்னது. இரண்டு தீர்ப்புகளையும் முழுதாகப் படியுங்கள், குறிப்பாக உங்களுக்குப் பிடிக்காததை இரண்டு முறை.

பிறகு எதை மாற்றக் கேட்கிறீர்கள்? சட்டமே வேண்டாம் என்கிறீர்களா?

என் மனசாட்சிப்படி ஒரு குழந்தைகூடக் கருவில் அழிக்கப்படக் கூடாது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கொள்கைப் பணி செய்கிறவர், நாளைக் காலையில் நடக்கக்கூடியது எது என்றும் பார்க்க வேண்டும். நான் அதிக நேரம் செலவிடும் மூன்று கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, மூன்றாவது பிள்ளையின் தாய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் கிடைக்கிறது, ஆனால் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு நலச் சட்டம் 26 வார விடுப்பு தந்தது, இரண்டு பிள்ளைகள் இருக்கிற தாய்க்கு அது 12 வாரம்தான்; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே கணக்குதான். கையில் காசில்லை, மூன்றாவது உண்டாகியிருக்கிறது என்று கலங்கி நிற்கிற பெண்ணிடம் அரசு கையை விரிக்கிறது. ரப்பர் பால்வெட்டு கூலியில் குடும்பம் நடத்தும் வீட்டில் இது என்ன முடிவுக்குத் தள்ளும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். 2025 மே மாதம் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள் இருப்பதைக் காரணம் காட்டி அவருக்கு மகப்பேறு விடுப்பை மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாதம் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் நீள வேண்டும் என்று கேட்கிறோம்.

இரண்டாவது, செவிலியர்களின் மனசாட்சி உரிமை. நம் மாவட்டத்தில் நர்சிங் படித்த பிள்ளை இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கடினம். "என் மனசு ஒப்பாத சிகிச்சைக்கு என்னை நிறுத்தினால் என்ன செய்வது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு வெளிப்படையான பிரிவு இல்லை. தாயின் உயிருக்கு ஆபத்தான நேரம் தவிர மற்றபடி விலகி நிற்க உரிமை வேண்டும் என்கிறோம்.

மூன்றாவதைக் கீழே தனியாகச் சொல்கிறேன், அது நெஞ்சுக்கு மிக நெருக்கமானது.

ஸ்கேனில் குறைபாடு என்று தெரிந்தால்? அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்வீர்கள்?

முதலில் எதுவும் சொல்லாமல் கூட உட்கார வேண்டும்.

கருவில் குறைபாடு உண்டா என்று பார்க்க ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேன் முடிந்து, வெள்ளைக் கவரோடு வெளியே வருகிற தம்பதிக்கு அடுத்த இரண்டு நாட்கள் எப்படி இருக்கும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அவர்களிடம் பேசுகிறவர் ஒரே ஒரு மருத்துவர், அதுவும் பத்து நிமிடம். அதே குறைபாட்டோடு பிள்ளை வளர்க்கும் ஒரு தாயை அவர்கள் சந்திப்பதே இல்லை. என் பெரியம்மா மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன் இருக்கிறான். இப்போது வயது பதினாறு, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் காணிக்கைப் பை பிடிக்கிறான், யார் அழுதாலும் முதலில் போய்க் கையைப் பிடிப்பது அவன்தான். அவன் பிறப்பதற்கு முன் அவளுக்குக் கிடைத்தது பயம் மட்டும்.

சட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். 24 வாரத்துக்குப் பிறகு குறைபாடில்லாத கருவுக்குப் பாதுகாப்பு உண்டு, குறைபாடுள்ள கருவுக்கு வரம்பே இல்லை. பிறந்த பிறகோ, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதே பிள்ளைக்குச் சம மதிப்பு உண்டு என்கிறது. இந்த முரண்பாட்டை எந்த மேடையிலும் நிதானமாக எடுத்து வைக்கலாம், எதிர்க் கருத்துள்ளவர்களும் காது கொடுப்பார்கள். எங்கள் மூன்றாவது கோரிக்கை இதுதான்: குறைபாடு என்று அறிக்கை வந்த அன்றே குழந்தை மருத்துவரின் விளக்கமும், அத்தகைய பிள்ளையை வளர்க்கும் பெற்றோரின் சந்திப்பும், மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவித்தொகை பற்றிய எழுத்து விவரமும் அந்தத் தம்பதிக்குக் கிடைக்க வேண்டும். முடிவெடுப்பதற்கு முன்பே கிடைக்க வேண்டும்.

இது பெண்களுக்கு எதிரான வேலை இல்லையா?

மாணவிகள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும்.

கர்நாடகத்தில் பிறந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012 அக்டோபர் 28-இல் அயர்லாந்தின் கால்வே நகர மருத்துவமனையில் இறந்தார். 17 வாரக் கரு கலையத் தொடங்கியிருந்தது, தொற்று உடலெங்கும் பரவியது, அவர் கேட்ட சிகிச்சை நேரத்தில் கிடைக்கவில்லை. 2018 மே 25-இல் அந்த நாட்டு மக்கள் வாக்களித்துக் கருவுக்கான அரசியல் சாசனப் பாதுகாப்பையே நீக்கினார்கள். அந்த மரணத்தை நினைக்காமல் எந்தச் சட்ட வரைவையும் எழுதக் கூடாது என்று என்னோடு வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். தாய் ஆபத்தில் இருக்கும்போது தயங்குகிற மருத்துவரை உருவாக்கும் சட்டம் மோசமான சட்டம்.

இன்னொன்றும் உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டு, இரத்தப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த பெண்களை நான் அறிவேன். கட்டுப்பாடு கூடினால் இது பெருகாதா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் பெண்ணைச் சிறையில் தள்ளும் எந்தக் கோரிக்கையிலும் நான் கையெழுத்திட மாட்டேன். நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவு, தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணையும் குற்றவாளி ஆக்குகிறது. அந்த வரி நீங்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் பக்கத்திலேயே இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாடிக்கொண்டே இருக்கிறேன்.

கிறிஸ்தவராக இருந்தால்தான் முடியுமா?

இல்லை. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் இந்துக்கள் ஏறக்குறைய 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 47 விழுக்காடு. ஒரு தரப்பு மட்டும் கூடிக் கொடுக்கும் மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எந்த அடுக்குக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பாலினத் தேர்வுக் கருக்கலைப்புக்கு எதிரான வேலையில் எல்லா மதத்தவரும், கருக்கலைப்பு உரிமை வேண்டும் என்கிற பெண் அமைப்புகளும்கூட நம்மோடு நிற்பார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் போராட்டத்தாலும் வந்ததுதான். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் இருக்கிற மாவட்டம் என்று நாம் பெருமை பேசலாம். ஆனால் இதே தமிழ்நாட்டில் பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் வைக்க வேண்டியிருந்தது.

என்ன படிக்க வேண்டும்?

சட்டம் படித்தால் வழி அகலம். ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டு சட்டப் படிப்பு உண்டு, நமக்குப் பக்கம் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி. திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சமூகப் பணி முதுகலையும் நல்ல தேர்வு. புள்ளிவிவரத்தில் கை தேர்ந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு, அதனால் கணக்கு பிடித்தவர்கள் மும்பையில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தைப் பாருங்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை நடத்துவது அவர்கள்தான். செவிலியராகப் பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, என் பத்துப் பக்கத்தைவிட எடை அதிகம்.

தமிழில் பிழையில்லாமல் ஒரு மனு எழுதப் பழகுங்கள். ஆங்கிலத்தில் அழகாக எழுதும் பிள்ளைகள் பலர், தாசில்தாருக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதத் திணறுகிறார்கள்.

முதல் வேலை எங்கே கிடைக்கும்? சம்பளம்?

சம்பளத்தை மறைக்க விரும்பவில்லை. நான் தொடங்கியபோது ஒரு தொண்டு நிறுவனத்தில் மாதம் 9,000 ரூபாய் வாங்கினேன், அதுவும் சில மாதம் தள்ளித்தான் வரும். "ப்ரோ-லைஃப்" என்று பெயர்ப்பலகை மாட்டிய முழுநேர வேலைகள் இங்கே மிகக் குறைவு. அதனால் சோறு போடும் ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்: வழக்கறிஞர், ஆசிரியர், செவிலியர், பத்திரிகையாளர், எதுவானாலும் சரி.

சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இயங்கும் விதத்தைக் கற்க, டெல்லியில் பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம் நடத்தும் லேம்ப் ஃபெல்லோஷிப் மிக நல்லது. இளம் பட்டதாரிகள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரோடு இருந்து வேலை பழகலாம். தமிழக அரசின் முதலமைச்சர் ஃபெல்லோஷிப்பும் உண்டு. இவை நம் கொள்கைக்கான இடங்கள் இல்லை, கோப்பு எப்படி நகர்கிறது என்று கற்றுத்தரும் இடங்கள். அங்கே போய்ப் பிரச்சாரம் செய்யாதீர்கள், வேலையைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றனவே, அங்கே போகலாமா?

போய்ப் படிக்கலாம். அங்கே கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கி 1973-இல் வந்த ரோ தீர்ப்பை 2022 ஜூன் 24-இல் டாப்ஸ் தீர்ப்பு மாற்றியதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது, அந்தப் பொறுமையைக் கற்கலாம். அவர்களுடைய முழக்கங்களை அப்படியே இங்கே இறக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பணம் வாங்குவதாக இருந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

கட்சியில் சேர வேண்டுமா?

வேண்டாம் என்பேன். நம் மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆறு அலுவலகங்களுக்குள்ளும் ஒரே மரியாதையோடு போய் உட்கார முடிய வேண்டும்.

எதைச் செய்யவே கூடாது?

பெண்ணின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தம் சேர்த்த 5ஏ பிரிவு இதில் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது, நம்மை நம் மானம் கட்டுப்படுத்த வேண்டும். ஊர் சின்னது, அன்பியத்தில் (பங்கின் சிறு ஜெபக் குழுவில்) ஜெபத்துக்காகச் சொன்ன விஷயம் மறுநாள் சந்தைக்கு வந்துவிடும். மருத்துவமனை வாசலில் யாரையும் மறிக்காதீர்கள். இரத்தம் தோய்ந்த படங்களைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். மருத்துவம் நிரூபிக்காத பின்விளைவுகளைச் சொல்லாதீர்கள், ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் சொன்ன எல்லா உண்மையும் செத்துவிடும். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை கர்ப்பம் என்று தெரிந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "குடும்ப மானம் போகும், மறைத்துவிடுவோம்" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதில் நான் தவறியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பெண்ணிடம், அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்காமலே அரை மணி நேரம் பேசினேன். அவள் எழுந்து போனாள், பிறகு வரவில்லை. அவளுக்கு அன்று தேவைப்பட்டது, மாமனார் வீட்டிலிருந்து வெளியேறித் தங்க ஓர் இடம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக்கூட நான் சொல்லவில்லை.

பிள்ளையை வளர்க்க முடியாது என்று சொல்லும் தாய்க்குச் சட்டத்தில் என்ன வழி?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 35-ஆம் பிரிவு. பிரசவத்துக்குப் பிறகு குழந்தைகள் நலக் குழு முன் முறைப்படி ஒப்படைக்கலாம், மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தால் வழி காட்டுவார்கள். இது தெரியாமல் இரவோடு இரவாகக் குழந்தையை வாசலில் விட்டுப் போகிறவர்களும், தெரிந்தவர்களுக்கு ஒற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கொடுப்பது சட்டப்படி தத்தும் ஆகாது. இந்த ஒரு பிரிவை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வைப்பது ஒரு முழு ஆண்டுக்கான கொள்கைப் பணி.

வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். "கல்யாணத்துக்கு வரன் பார்க்கையில என்ன வேலைன்னு சொல்ல?" என்று அம்மா கேட்கிறாள்.

என் அம்மாவும் கேட்டாள். "வக்கீலுன்னு சொல்லும்மா" என்றேன். வாதிட்டு ஜெயிக்க முடியவில்லை. நான் அழைத்துப் போன ஒரு பெண், பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு எங்கள் வீட்டு நடையில் வந்து நின்ற அன்று, அம்மா அந்தப் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்டதில்லை.

சரி, இந்த மாதமே தொடங்க வேண்டும் என்றால் எங்கே போக?

உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைப் போய்ப் பாருங்கள். கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரும் பிக்மி எண் எப்படிப் போடுகிறார்கள், எந்தத் தாய்க்கு நிதியுதவி நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேளுங்கள். அவருக்கு வேலை அதிகம், அதனால் ஒரு நாள் கூட நடந்து உதவி செய்துகொண்டே கேளுங்கள். தெரியாததைப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆண்டில் ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததில் ஒரே ஒரு தீர்மானத்தை முன்வையுங்கள், உதாரணமாக மூன்றாவது பிரசவத்துக்கும் மகப்பேறு உதவி வேண்டும் என்று. தீர்மானப் புத்தகத்தில் அது பதிவானதா என்று பார்த்துவிட்டு, நகல் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மனு ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். என்னிடம் வருகிறவர்களிடம் சான்றிதழ்களைப் பார்ப்பதற்கு முன் அந்த ரசீதைத்தான் கேட்பேன்.